பீப்பாய் அடிச்ச என்ர மகனுக்கு

ராசா, இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கப்போறேல்லை. எங்கட தமிழ்க் கடையளின்ர வாசலில, சும்மா எடுத்துக்கொண்டு போகச்சொல்லி மாசம் ஒருக்கா அடுக்கி வைக்கிற பேப்பருக்குத்தான் இதை எழுதுறன். ஈஸ்ட் ஹாமுக்கு மரக்கறி வாங்க வாற சனம், மோர்டனில இருக்கிற எங்கட சொந்தக்காரர், எல்லாரும் வாசிக்கட்டும். அம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுதோ, வீட்டுக் கதையை ஏன் வெளியில கொண்டுபோறா எண்டு நீ நினைப்பாய். காரணம் இருக்கு. போன வருஷம் தை மாசம் நான் உனக்கு ஒரு சொல் சொன்னன். போனை ஸ்பீக்கரில போட்டு, வீடு நிறையச் சனத்தை வச்சுக்கொண்டு சொன்னன். அத்தனை பேருக்கு முன்னால சொன்னதை உன்ர காதுக்க மட்டும் குசுகுசுத்துத் திரும்ப எடுத்தால் அது நேர்மை இல்லை. அதுதான் இப்பிடி.

நான் எட்டாம் வகுப்போட நிண்டனான் எண்டு உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பேப்பர்க்காரர் திருத்தட்டும், ஆனால் என்ர கதையைத் திருத்தவேண்டாம் எண்டு சொல்லித்தான் குடுக்கப்போறன். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்சதை வச்சு மெல்ல மெல்ல எழுத்துக்கூட்டி வாசி. அவசரம் இல்லை. வாசிச்சதை லூச்சியாவுக்கும் சொல்லு. சித்திரையில உன்னைக் கட்டப்போறவள் அவள். மாமியார் என்ன சொன்னவ எண்டு அவளும் முழுசா அறியவேணும்.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனாலும் மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணும் எண்டு முதலிலயிருந்து சொல்லுறன். அந்தத் தைக்கு முந்தின ஐப்பசியில உன்ர அப்பா போனவர். சுப்பர்மார்க்கெட்டில பாண் போடுற பகுதியில இருபது வருஷம் நிண்ட மனிசன், ஒருநாள் விடிய எழும்பேல்லை. நீ இத்தாலியிலயிருந்து அண்டைக்கே ஓடி வந்தாய். ரயில் பெட்டி செய்யிற கொம்பனியில உனக்கு அங்க வேலை, நாலு வருஷமா அங்கதான் இருக்கிறாய். வந்து இறங்கின நேரம் தொடக்கம் உன்னை நான் ஒரு இடத்தில இருந்து காணேல்லை. கவுன்சிலில இறப்புப் பதியிறது, ஐயரைப் பிடிக்கிறது, கிரிமட்டோரியத்தில நேரம் எடுக்கிறது, வீடியோக்காரருக்குச் சொல்லுறது, கனடாவுக்கும் ஊருக்கும் லிங்க் அனுப்புறது, எல்லாம் உன்ர தலையில. எனக்குக் கூடப்பிறந்ததுகள் ஒண்டும் இங்க இல்லை. உனக்கும் இல்லை.

கிரிமட்டோரியத்தில எங்களுக்குத் தந்தது நாப்பது நிமிஷம். அடுத்த செத்தவீட்டுக்காரர் வெளியில காரோட நிண்டவை. ஐயர் சொல்லச் சொல்ல நீ செய்தாய். வாய்க்கரிசி போடேக்க உன்ர நாடி நடுங்கத் தொடங்கினதை நான் கண்டன். சின்னனில ஊசி போடக் கொண்டுபோனால் உனக்கு முதலில நாடிதான் நடுங்கும், பிறகுதான் அழுகை வரும். தாய்க்குத் தெரியாதே? நான் என்ன செய்தன் தெரியுமோ? உன்ர கையில கிள்ளினன். "அழாத ராசா, கமரா பாக்குது. நேரம் போகுது. ஐயர் சொல்லுறதைச் செய்" எண்டன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாய். பிறகு பட்டனை அமத்தினாய். திரை மூடினது. வெளியில வந்த உடன சனம் என்னட்ட, "உங்கட மகன் எவ்வளவு பொறுப்பா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் செய்து முடிச்சிட்டான்" எண்டு சொன்னவை. எனக்கு அது பெருமையா இருந்தது, ராசா.

எங்கட முறைப்படி ஒருத்தர் போனால் அந்த வீட்டுக்கு ஒரு வருஷம் கொண்டாட்டம் இல்லை. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, கலியாணவீட்டுக்குப் போறேல்லை. கொள்ளி வச்ச பிள்ளைக்கு இன்னும் இறுக்கம். மாசத்துக்கு ஒருக்கா, போன ஆளுக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைச்சு மாசியம் செய்யிறது. தை பிறந்தது, நான் பொங்கேல்லை. பொங்கல் கழிஞ்சு நாலஞ்சு நாளில மூண்டாம் மாசியம். அப்பாவின்ர அக்கா, உன்ர பரமேஸ் மாமி, விடியவே வந்து வெங்காயம் உரிச்சவ. மத்தியானம் பன்னிரண்டு பதின்மூண்டு பேர் இருந்திருப்பினம். படைச்சு முடிஞ்சு இலை போடுற நேரம், மாமி போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்க வந்தா.

"இஞ்ச பாரும், இது உம்மட மகன் எல்லோ?"

ஆரோ ஒருத்தியின்ர மகள் இன்ஸ்டாகிராமில கண்டு அனுப்பினதாம். ஒரு தெரு. வீடு மாதிரிப் பெரிய வண்டில், அதைச் சுத்தி மரக்கொப்பு கட்டியிருக்கு. வண்டிலுக்கு மேல ஆள் உயரப் பீப்பாயளை அடுக்கி வச்சு, நாப்பது பேர் அடிக்கினம். அதுக்குள்ள நீ. ரெண்டு கையிலயும் மரச் சுத்தியல். முதுகுதான் தெரிஞ்சுது, ஆனால் உன்ர முதுகு எனக்குத் தெரியாதே. குதிச்சுக் குதிச்சு அடிக்கிறாய். போன் கை மாறி மாறி எல்லாரிட்டயும் போச்சுது. "இவர் வேலைக்கெண்டு போனவரோ, பாண்ட் கோஷ்டியில சேரப் போனவரோ?" எண்டு ஒராள் பகிடி விட்டார். மாமி சிரிக்கேல்லை. "என்ர தம்பி செத்து நூறு நாளும் ஆகேல்லை. கொள்ளி வச்ச கை அது" எண்டா. நான் என்ர போனில உனக்கு எடுத்தன். கையெல்லாம் மா, அதால ஸ்பீக்கரில போட்டு மேசையில வச்சன்.

"எங்க நிக்கிறாய்?"

"வீட்ட, அம்மா. மாசியம் முடிஞ்சுதோ? சாப்பிட்டியளோ?"

"தெருவில நிண்டு என்னத்தை அடிச்சனி?"

"ஆர் சொன்னது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"பீப்பாய், அம்மா. இங்க அந்தோனியார் திருநாள். லூச்சியாவின்ர ஆக்கள் எல்லாரும்..."

"அப்பான்ர ஆண்டு முடிஞ்சுதோ?"

நீ பேசாமல் இருந்ததுதான் என்ர கோவத்தை இன்னும் ஏத்தினது. அப்ப நான் ஒரு சாதிப் பேரைச் சொல்லி, அவங்களைப் போலத் தெருவில நிண்டு அடிக்கவோ உன்னைப் படிப்பிச்சது எண்டு ஏசினன். ஊரில செத்தவீடுகளுக்கு மேளம் அடிக்க வாற ஆக்களின்ர பேர் அது. இங்க அதைத் திரும்ப எழுதமாட்டன், ஒருக்காச் சொன்னதே போதும். அதுக்கு நீ ஆறுதலாத்தான் கேட்டாய்.

"அம்மப்பான்ர செத்தவீட்டில ஆர் அம்மா அடிச்சவை? அவை வராமல் பிரேதம் எடுத்தனியளோ?"

ஆரோ கரண்டியைக் கீழ வச்சது கேட்டுது. பதில் இல்லாதபடியால்தான் நான் அந்தச் சொல்லைச் சொன்னன். "நீ என்ர செத்தவீட்டுக்கு வராத. எனக்குக் கொள்ளி வைக்க நீ வேண்டாம்."

"சரி அம்மா" எண்டு சொல்லிப்போட்டு நீ வச்சிட்டாய். "சொன்னது சரிதான், இப்பவாவது புத்தி வரட்டும்" எண்டு மாமி எனக்குச் சோத்தைப் போட்டுத் தந்தா. நான் சாப்பிட்டன். ஒரு தாய் வாயால சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டு, ராசா, நான் ரெண்டு தரம் வாங்கிப் பாயாசமும் குடிச்சன். சொன்ன சொல்லை நினைச்சாலும் தாங்குவன், அந்தப் பாயாசத்தைத் தாங்க ஏலேல்லை.

உன்னை ஏழு வயசில மிருதங்க வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டது ஆர்? நான்தான். ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில, அந்தப் பாரத்தை மடியில வச்சுக்கொண்டு போனன். கோயில் மேடையில நீ வாசிக்க, முதல் வரிசையில இருந்து தலையாட்டினன். அதே கை, அதே அடி. மேடையில பட்டுவேட்டியோட இருந்து அடிச்சால் வித்துவான், தெருவில நிண்டு அடிச்சால் மானம் போச்சு. இந்தக் கணக்கை எனக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. கேள்வி கேக்காமல் அப்பிடியே உன்ர தலையில போட்டன்.

அதுக்குப் பிறகு நீ கோவிச்சுக்கொண்டு கதையாமல் விட்டிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். நீ அப்பிடிச் செய்யேல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்தாய். சாப்பிட்டியளோ, ஓம். குளிசை போட்டியளோ, ஓம். குளிரோ, ஓம். அவ்வளவுதான். அப்பாவின்ர ஆண்டுத்திவசத்துக்கு வந்தாய். ஐயர் சொன்னதெல்லாம் செய்தாய், சனத்துக்குக் கை கழுவத் தண்ணி விட்டாய், பின்னேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாறன் அம்மா" எண்டு போட்டாய். உன்ர பழைய அறையில நான் புது விரிப்பு விரிச்சு வச்சிருந்தன். அது கசங்காமல் கிடந்தது.

கார்த்திகையில லூச்சியா எடுத்தாள். "அம்மா, ஜனவரியில இங்க வாங்கோ." வாங்கோ எண்டதை மட்டும் தமிழில சொன்னாள், மிச்சம் இங்கிலீஸ். என்ர இங்கிலீஸ் ஆஸ்பத்திரியில நிலம் துடைச்சுப் படிச்சது, அவளின்ர இங்கிலீஸ் உன்னட்டப் படிச்சது. ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் பொருந்தினது. "அவன் கூப்பிடச் சொன்னவனோ?" எண்டு கேட்டன். "இல்லை, நான்தான் கூப்பிடுறன்" எண்டாள். பொய் சொல்லாத பிள்ளை. அந்த ஒண்டுக்காகத்தான் நான் ரிக்கட் போடச் சொன்னன். பரமேஸ் மாமியிட்ட, பல்லுக்கு டொக்டரிட்டப் போறன், ஒரு கிழமை வரவேண்டாம் எண்டு சொன்னன். மாமி, இப்ப இதை வாசிக்கிறியள் எண்டு தெரியும். எனக்குப் பல்லில ஒண்டும் இல்லை.

நேப்பிள்ஸில வந்து நீ என்னைக் காரில ஏத்தினாய். வழியில வேலையைப் பற்றிச் சொன்னாய், நான் வீட்டு ஹீற்றர் பழுதாப்போனதைப் பற்றிச் சொன்னன். லூச்சியாவின்ர தாய் அசுந்தா வாசலிலயே நிண்டவ. சப்பாத்துத் தைக்கிற பட்டறையில வேலை செய்யிறவ, அவவுக்கும் மனிசன் இல்லை. என்ர கையைப் பிடிச்சவ, விரல் நுனியைத் தடவிப் பாத்தா. நான் வீட்டில பிளவுஸ் தைக்கிற தழும்பு. தன்ர பெருவிரலையும் நீட்டிக் காட்டினா, அதிலயும் ஊசி ஏறின அடையாளம். அதுக்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க அவ இத்தாலியன் பாஷையிலயும் நான் தமிழிலயும் கதைச்சம். கன விஷயம் விளங்கினது.

அந்த அந்தோனியார் எனக்குத் தெரிஞ்ச, குழந்தையைத் தூக்கி வச்சிருக்கிற அந்தோனியார் இல்லை. இவர் தாடி வச்ச கிழவர், காலடியில ஒரு பன்றி நிக்குது. மிருகங்களுக்கு அவர்தான் காவலாம். கோயில் வாசலில நாய், ஆடு, கோழி, ஒரு பிள்ளை கூட்டில வச்சிருந்த கிளி, எல்லாத்துக்கும் சுவாமியார் தண்ணி தெளிச்சவர். பீப்பாய் அடிக்கிறது எப்பிடித் தொடங்கினது எண்டு கேட்டன். சந்தையில பீப்பாய் விக்கிறவை ஓட்டை இல்லை எண்டு தட்டிக் காட்டினதில வந்தது எண்டார் ஒருத்தர். வைன் வைக்கிற நிலவறையில பேயைக் கலைக்க அடிச்சது எண்டார் இன்னொருத்தர். அதுக்கு ரெண்டு பேரும் நடுத்தெருவில சண்டை பிடிச்சவை. கோயில் கூட்டம் எங்க போனாலும் ஒண்டுதான்.

பின்னேரம் வண்டில் அசுந்தாவின்ர தெருவுக்குத் திரும்பினது. முன்னால ட்ராக்டர் இழுக்குது. நீ மேல சுத்தியலோட நிண்டாய். அசுந்தாவும் மேல நிண்டா, புல்லு வெட்டுற நீட்டு அரிவாளை இரும்பால தட்டுறது அவவின்ர வேலை. வண்டில் நுனியில ஒரு மனிசன் அடிக்கிற ஆக்களைப் பாத்தபடி நிக்கிறார். வாயால ஒண்டும் சொல்லுறேல்லை, எல்லாம் கையாலதான். அவர் கையை இறக்க, நாப்பது பேரும் ஒண்டா அடிச்சவை. என்ர கால் என்னைக் கேக்காமல் குந்தினது, ராசா. அது ஊரில சண்டைக்காலத்தில செல் விழுற சத்தத்துக்குப் பங்கருக்க ஓடின கால், இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் மறக்கேல்லை. லூச்சியா என்னைக் கட்டிப்பிடிச்சு மதிலோட சாத்தினாள். அசுந்தா மேலயிருந்து கண்டுபோட்டு, நான் பசியில விழுந்திட்டன் எண்டு நினைச்சு, அரிவாளைப் பக்கத்தில நிண்டவவிட்டக் குடுத்துப்போட்டு இறங்கி ஓடிவந்தா. குசினிக்க போய் ஒரு கோப்பை பாஸ்தா கொண்டுவந்தா, எனக்கெண்டு இறைச்சி போடாமல் வேறயா அவிச்சது, உள்ளுக்க செஸ்நட் எண்ட இனிப்புக் கொட்டை. "மாஞ்சா, மாஞ்சா" எண்டு நிண்டா. சாப்பிடு எண்டதாக்கும். காதுக்க இடி, வாய்க்குள்ள இனிப்பு. நான் அழுறதோ சிரிக்கிறதோ தெரியாமல் சாப்பிட்டன்.

பயம் தெளிஞ்ச பிறகுதான் முகங்களைப் பாத்தன். உனக்குப் பக்கத்தில அடிச்ச மனிசன், அந்த ஊருக்குத் தபால் குடுக்கிறவராம், கண்ணாலயும் மூக்காலயும் ஒழுக ஒழுக அடிச்சார். ஒருத்தரும் அவரைப் பாக்கேல்லை. அவரும் துடைக்கேல்லை.

"அவருக்கு என்ன?" எண்டு லூச்சியாவைக் கேட்டன்.

"தாய் செத்துப்போனா. ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசத்தில அடிக்கிறாரோ?"

அவள் அதைத் தாயிட்டக் கேட்டாள். அசுந்தா என்னைப் பாத்த பார்வை, சோறு சாப்பிடுறனியளோ எண்டு கேட்டால் நாங்கள் பாப்பம் எல்லோ, அப்பிடி. லூச்சியா மொழிபெயர்த்தாள். "வீட்டுக்க இருந்து அழுதால் பக்கத்துவீட்டுக்குக் கேக்கும். இதுக்குள்ள நிண்டு அழுதால் ஒருத்தருக்கும் கேக்காது. வேற எங்க போய் அழுறது எண்டு அம்மா கேக்கிறா."

பிறகு லூச்சியா தானாச் சொன்னாள். போன வருஷம் நீ அடிக்கமாட்டன் எண்டுதான் முதலில சொன்னனியாம். எங்கட முறை அப்பிடி, ஒரு வருஷம் இருக்கு எண்டு அவையளுக்கு விளங்கப்படுத்தினனியாம். ரெண்டு நாளும் யன்னலைச் சாத்திப்போட்டு அசுந்தாவின்ர குசினிக்க இருந்தனியாம். கடைசி நாள் ஒருத்தரும் கூப்பிடாமல் நீயே இறங்கிப் போய், தபால்காரரின்ர கையிலயிருந்து சுத்தியலை வாங்கினனியாம். ஒரு மணித்தியாலம். உள்ளங்கை ரெண்டும் தோல் கழண்டு போச்சாம். மாசியத்தண்டு நான் போன் எடுக்கேக்க ரெண்டு கையிலயும் கட்டு. லூச்சியாதான் போனை உன்ர காதில பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாள். "என்ன சொன்னீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை அம்மா. அவன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" எண்டாள். அதுக்கு மேல ஒண்டும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

அப்ப, நீ மறந்துபோய் அடிக்கேல்லை. முறை தெரியாமல் அடிக்கேல்லை. தெரிஞ்சுகொண்டு, முறிச்சுக்கொண்டு போய் அடிச்சிருக்கிறாய். அதை நான் மன்னிக்கிறன் எண்டு எழுத வரேல்லை. மன்னிக்கிறதுக்கு அதில ஒண்டும் இல்லை. கிரிமட்டோரியத்தில நான் கிள்ளி நிப்பாட்டினதை நீ கொண்டுபோய் அங்க இறக்கினாய்.

நீ கேட்ட கேள்விக்கு இப்ப பதில் சொல்லுறன். ஓம், என்ர அப்பா, உன்ர அம்மப்பாவின்ர செத்தவீட்டில அவைதான் அடிச்சவை. எனக்கு அப்ப பதினாறு வயசு. அவையை வாசலுக்கு அங்கால, வெய்யிலுக்கதான் நிப்பாட்டி வச்சிருந்தது. என்னட்டத் தேத்தண்ணியைக் குடுத்தனுப்பினவை, வீட்டுக் கோப்பையில இல்லை, பால்மா வந்த பழைய தகரத்தில, பால்பேணியில. கையில குடுக்காத, நிலத்தில வை எண்டு சொல்லி அனுப்பினவை. நான் அழுதழுது கொண்டுபோனன். அதில ஒராள் மேளத்தை நிப்பாட்டிப்போட்டு, "பிள்ளை, நல்லா அழு. நீ அழுது முடியுமட்டும் நாங்கள் அடிக்கிறம்" எண்டார். அண்டைக்கு அந்த வீட்டில என்னட்ட அழு எண்டு சொன்ன ஒரேயொரு மனிசன் அவர்தான். நான் பால்பேணியை நிலத்தில வச்சன். அவர் குனிஞ்சு எடுத்தார். அவரின்ர பேர் எனக்குத் தெரியாது, நான் கேக்கேல்லை. அவரின்ர ஆக்களின்ர பேரைத்தான் நான் வசவாக்கி உனக்கு எறிஞ்சன். இந்தப் பேப்பரை அவரின்ர பிள்ளையளோ பேரப்பிள்ளையளோ லண்டனில இருந்து வாசிச்சால், அவையிட்டயும் நான் குனிஞ்சு கேக்கிறன். பிழை என்னில.

இன்னொண்டும் இருக்கு. இதை இண்டைக்கு வரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அப்பா போறதுக்கு முதல்நாள் வேலையால வந்தவர், சப்பாத்தும் கழட்டாமல் படியில இருந்துகொண்டு, "இஞ்சாரும், நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமாக் கிடக்கு" எண்டார். நான் ஒரு பிளவுஸுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தன். பின்னேரம் எடுக்க வருவினம். "கண்டதையும் திண்டுபோட்டு வந்து. அது வாய்வு, நாடகம் ஆடாதேங்கோ" எண்டன். உள்ளி அவிச்சுக் குடுத்தன். குடிச்சார். "இப்ப சுகம்" எண்டார். சுகம் வந்தபடியால் சொன்னவரோ, நான் ஏசாமல் இருக்கட்டும் எண்டு சொன்னவரோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. அம்புலன்சுக்கு அடிச்சிருந்தால் மனிசன் இருந்திருக்கும் எண்டு டொக்டர் ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. மூண்டு மாசமா அதை நெஞ்சுக்க வச்சுக்கொண்டு இருந்தனான். மாசியத்தண்டு உன்ர வீடியோவைக் கண்ட உடன, செத்தவருக்குத் துரோகம் செய்தது நீ எண்டு ஆச்சுது. எனக்கு அது எவ்வளவு ஆறுதலா இருந்தது தெரியுமோ? அதுதான் ரெண்டு தரம் பாயாசம் குடிச்சன். என்னில இருந்த கோவத்தை உன்னில போட்டுத்தான் நான் அண்டைக்கு வயிறாறச் சாப்பிட்டன்.

சித்திரையில உங்களுக்குக் கலியாணம். புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? ஆனாலும் தாய் எண்டால் சொல்லாமல் இருக்க ஏலாது. ஏசவேண்டாம் எண்டு சொல்லமாட்டன், ஏசாமல் ஒரு வீடும் இல்லை. சனத்துக்கு முன்னால ஏசாதேங்கோ. சனம் நிண்டால் வாய் அவையளுக்காகக் கதைக்கத் தொடங்கும். அவள் உடம்புக்கு ஏலாது எண்டால், கையில இருக்கிற வேலையை அப்பிடியே போட்டிட்டு எழும்பு. அது வாய்வா இருந்தாலும் பரவாயில்லை, வீணா ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததால ஒருத்தரும் கெட்டுப்போனதில்லை. அவள் அழுதால், ஏன் எண்டு கேக்க முதல் அழ விடு. உன்ர பிள்ளையளையும் அழ விடு. பெடியனா இருந்தாலும்.

நான் திரும்பி வாற அண்டைக்கு விமான நிலையத்தில உன்னைக் கட்டிப்பிடிச்சன். சொல்லவேணும் எண்டுதான் வாயைத் திறந்தன். "பெல்ட்டை மறக்காமல் கழட்டிப் பெட்டியில வையுங்கோ அம்மா, செக்கிங்கில பிடிப்பாங்கள்" எண்டாய். "சரி" எண்டன். ஒரு கிழமை உன்ர வீட்டில இருந்தும் அந்தச் சொல்லை நீயும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை. பிளேனில இருந்து யோசிச்சன். நான் இப்பிடியே போய்ச் சேர்ந்தால், நீ வருவாயோ? வருவாய் எண்டு தெரியும். ஆனால் வரலாமோ எண்டு கேட்டுக்கொண்டு, வாசலுக்கு அங்கால நிப்பாய்.

அதால போன கிழமை செத்தவீடு எடுத்துச் செய்யிற ஒரு கந்தோருக்குப் போனன். முன்கூட்டியே பதிஞ்சு வைக்கலாம். பரமேஸ் மாமியையும் கூட்டிக்கொண்டுதான் போனன். அண்டைக்குக் கேட்ட ஆக்களில ஒராள் இதையும் கேக்கவேணும் எல்லோ. எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் அங்க வேலை, கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால இருந்தாள்.

"அன்ரி, கிரியை செய்யிறது ஆர்?"

உன்ர பேரைச் சொன்னன். முழுப் பேரும், எழுத்து எழுத்தா. பிறகு, "பக்கத்தில லூச்சியா எண்டும் போடு பிள்ளை" எண்டன்.

மாமி கதிரையிலயிருந்து எழும்பிட்டா. "உமக்கென்ன விசரோ? பொம்பிளைப்பிள்ளை, அதுவும் வெள்ளைக்காரி, சுடலைக்கு வந்து கொள்ளி பிடிக்கிறதோ?"

"மச்சாள், சாகிறது நான். நீங்கள் ஏன் கத்துறியள்?" எண்டன். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்க ஏலாமல் கம்பியூட்டருக்குப் பின்னால குனிஞ்சுது. மாமி திரும்பக் கதிரையில இருந்தா. பிறகு, "அவள் சீலை உடுப்பாளோ?" எண்டு கேட்டா. அவவைப் பொறுத்தவரை அது சம்மதம்.

"பாட்டு ஏதும் போடோணுமோ அன்ரி? தேவாரம், இல்லாட்டில் வேற ஏதும்?"

"அதை என்ர மகன் சொல்லுவான்" எண்டன். அப்பிடியே எழுதச் சொன்னன். எழுதினதை எனக்கு வாசிச்சும் காட்டினவள். கீழ நான் கையெழுத்து வச்சன்.

எல்லாரும் கேளுங்கோ. போன வருஷம் தை மாசம், மனோர் பார்க்கில என்ர வீட்டில, என்ர வாயால சொன்ன சொல்லை நான் திரும்ப எடுக்கிறன். ராசா, எனக்குக் கொள்ளி வைக்க நீதான் வரவேணும். ஒருத்தரையும் கேக்காமல் உள்ளுக்க வா. ஆனால் அதுக்கு இன்னும் காலம் கிடக்கு. முதலில நான் உன்ர கலியாணத்துக்கு வாறன்.

அம்மா